பல்லக்குக்குள் ஆள் உண்டா?

1743. ஹைதராபாத் நிஜாம் பெரும்படையோடு ஆற்காட்டில் வந்து இறங்கியிருக்கிறார். எழுபதைத் தாண்டிய மனிதர். அவுரங்கசீப் காலத்திலிருந்து எல்லாக் கூத்தையும் பார்த்துச் சலித்தவர். தர்பாரில் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து சலாம் போடுகிறார்கள். கட்டியக்காரன் கூவுகிறான்: "நவாப் இன்னார்!" அடுத்தவர் வருகிறார். அவரும் நவாப். அதற்கடுத்தவர்? சந்தேகமே வேண்டாம், நவாப். ஒரு கோட்டையின் சாவி கையில் இருந்தவர்கள் எல்லாரும் நவாப் ஆகிவிட்டிருந்தார்கள். கிழவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். பதினெட்டு வரை பொறுத்தார்.

ஒரே ஒரு நவாப் இருக்க வேண்டிய சீமையில் இன்று மட்டும் பதினெட்டுப் பேரைப் பார்த்துவிட்டேன், இனி எவனாவது அந்தப் பட்டத்தோடு உள்ளே நுழைந்தால் சாட்டையடி என்று சொல்லிவிட்டாராம். கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதை எழுதிவைத்திருக்கிறார். வரிசையில் நின்ற பத்தொன்பதாவது ஆள் அந்த நொடியிலேயே பொதுஜனமாக மாறியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தக் காட்சியை ஒரு சர்வர் அறைக்காரரிடம் சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். முகம் வெளிறும். "ஸ்ப்ளிட் பிரெயின்" என்பார். மெயின் சர்வர் விழுந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓரமாக உட்காரவைத்த பேக்கப் எல்லாம், "மெயின் நான்தான்" என்று ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும் வியாதி அது. நம் ஊரில் அதற்கு வாரிசுப் போட்டி என்று பெயர்.

எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். பதினெட்டு பேக்கப் வைத்திருந்த ஒரு ராஜ்ஜியம் அடுத்த எட்டு வருஷத்துக்குள் எப்படி இத்தனை தடவை கிராஷ் ஆயிற்று? (இது பெங்களூர் கர்நாடகம் அல்ல. ஆற்காட்டு நவாப்பின் கர்நாடகம். கிருஷ்ணாவுக்குத் தெற்கே கொள்ளிடம் வரை என்று கணக்குச் சொல்வார்கள். வரி வசூலாகும் வரை என்பது நடைமுறை.) வரலாற்று ஆசிரியர்கள் வெள்ளைக்காரன் சூழ்ச்சி, பிரெஞ்சுக்காரன் பேராசை என்று பெரிய பெரிய காரணங்கள் சொல்வார்கள். நாம் அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை. லாக் ஃபைலைத் திறந்து வரிவரியாகப் பார்ப்போம். எந்த ஹோஸ்ட்டைக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை என்று தேடினால் போதும்.

ஆற்காட்டுக்குப் போகுமுன் மும்பைக்கு ஒரு நடை போய்வரலாம். அங்கே இதே வியாதி 2021இல் வந்தது. அப்போது எழுதிவைக்க ஓர்ம் யாரும் தேவைப்படவில்லை, அறிக்கையே வந்தது.

பிப்ரவரி 24, புதன்கிழமை, காலை 11:40. நாட்டின் மிகப் பெரிய பங்குச் சந்தையான என்எஸ்இ பட்டென்று நின்றது. மாதாந்திர எக்ஸ்பைரிக்கு முந்தின நாள். வாங்கியவன் விற்க முடியவில்லை, விற்றவன் வாங்க முடியவில்லை. கடைசியில் சாயங்காலம் 3:45க்குக் கடையைத் திறந்து 5 மணி வரை வியாபாரம் நடத்தினார்கள். நடுவே போன நான்கு மணி நேரத்தில் எத்தனை பேருக்குக் குலதெய்வம் ஞாபகம் வந்தது என்பதை எந்த இண்டெக்ஸும் காட்டவில்லை.

என்ன ஆயிற்று? மெயின் சிஸ்டத்துக்குத் தும்மல்கூட இல்லை. பிரதான மையத்தையும் பக்கத்து மாற்று மையத்தையும் இணைக்கும் லைன்கள் அறுந்தன. இரண்டு டெலிகாம் கம்பெனிகளின் லைன்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று முன்யோசனையோடு இரண்டு. சாலையோரம் தோண்டியதிலும் கட்டுமான வேலையிலும் இரண்டுமே அடிபட்டன. நம் நாட்டில் எவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பமும் கடைசியில் ஒரு பள்ளத்தில்தான் போய் விழும்.

சரி, பேக்கப்புக்குப் போகும் வழிதானே போயிற்று? மெயின் ஓடவேண்டியதுதானே? ஓடவில்லை. பேக்கப்பின் குரல் கேட்கவில்லை என்றதும் பிரதான ஸ்டோரேஜ் தன் சொந்த சர்வர்களுக்கே முகம் காட்ட மறுத்துவிட்டது. ரிஸ்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம் படுத்தது. அதன் கண்காணிப்பு இல்லாமல் வியாபாரம் கூடாது என்று சந்தையை நிறுத்தினார்கள். வெண்டர் எழுதிய ஃபெயிலோவர் லாஜிக் (பேக்கப்புக்கு மாறும் ஏற்பாடு) நாங்கள் கேட்ட டிசைன்படி இல்லை என்று என்எஸ்இ பிறகு விளக்கியது. ஆபத்துக்கு உதவ வைத்த ஏற்பாடு இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

இதற்குமேல் ஒரு கூத்து உண்டு. சென்னையில் இவர்களுக்குத் தனியாக ஒரு டிஸாஸ்டர் ரெக்கவரி மையம் இருந்தது. அன்று அதற்கு மாறவே இல்லை. சந்தையைக் கண்காணிக்கும் செபி கேள்வி மேல் கேள்வி கேட்டது. கோளாறு வந்த 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவி, அடுத்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்தில் கடையைத் திற என்று புது விதி போட்டது. 2023இல் சமரசமாகப் போவதற்கு என்எஸ்இயும் அதன் கிளியரிங் கம்பெனியும் சேர்ந்து 72 கோடி ரூபாய்க்கு மேல் கட்டின. சென்னை மையம் அதுவரை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது, கூப்பிட்டால் போகலாம் என்று.

இனி ஆற்காடு. 1740 மே மாதம். மராட்டியர் ரகுஜி போன்ஸ்லே தலைமையில் வருகிறார்கள். நவாப் தோஸ்த் அலி தாமல்செருவுக் கணவாயில் மறித்து நிற்கிறார். நவாப்புக்கு இரண்டு பேக்கப். ஒன்று, மகன் சப்தர் அலி. இன்னொன்று, திருச்சியில் இருந்த மருமகன் சந்தா சாகிப். இவர் மீனாட்சி ராணியிடம் குர்ஆன் மேல் சத்தியம் செய்து திருச்சிக் கோட்டையை வாங்கியவர். பட்டுத்துணிக்குள் இருந்தது குர்ஆன் அல்ல, செங்கல் என்று கதை உண்டு. மாமனார் இரண்டு பேருக்கும் ஆள் அனுப்பினார்.

மகன் கிளம்பினார். மருமகனும் கிளம்பினார். ஆனால் என்ன நடை! கல்யாண வீட்டில் மொய் எழுதும் நேரம் முடியட்டும் என்று வருகிற பங்காளி நடை. தோஸ்த் அலி போர்க்களத்தில் செத்துப்போனார். சேதி வந்ததும் மகன் வேலூர்க் கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். மருமகன் வந்த வழியே திருச்சிக்குத் திரும்பினார். வேண்டுமென்றே தாமதித்தார்களோ என்று ஓர்மே சந்தேகப்படுகிறார். மெயின் விழுந்தால்தான் பேக்கப்புக்குப் பதவி உயர்வு. இந்தச் சின்ன விஷயத்தை டிசைன் பண்ணினவர்கள் யோசிக்கவே இல்லை.

புது நவாப் சப்தர் அலி மராட்டியருக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டு அனுப்பிவைத்தார். அத்தோடு ரகசியமாக இன்னொன்றும் பேசினார்: திரும்பி வந்து என் மச்சானைக் கொஞ்சம் கவனியுங்கள். வந்தார்கள். 1741இல் திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிப்பைச் சிறையெடுத்து சதாராவுக்குக் கொண்டுபோனார்கள். ஏழு வருஷம். தன் பேக்கப்பை அழிக்கத் தானே ஹாக்கரை அழைத்து, காப்பி கொடுத்து, பாஸ்வேர்டும் சொன்ன முதல் நிர்வாகி இவராகத்தான் இருப்பார்.

மராட்டியருக்குத் தரவேண்டிய பணத்தைக் கோட்டைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தார் சப்தர் அலி. வேலூர்க் கோட்டை இன்னொரு மச்சான் முர்தசா அலி வசம். சீமையிலேயே பெரிய பணக்காரர் என்று பெயர். பணக்காரர் எப்படி ஆனார் என்றால், யாருக்கும் கொடுக்காமல்தான். பங்கு கேட்கப்போன சப்தர் அலி, 1742 அக்டோபரில் வேலூரில் மச்சான் வீட்டு விருந்தாளி. முதலில் விஷம். பிழைத்துவிட்டார். பிறகு கத்தி. சந்தாத் தொகை கேட்டுப்போன கஸ்டமர் கேர் ஆளுக்கு இந்த நாட்டில் வேறு எங்கும் இப்படி நடந்ததில்லை.

முர்தசா அலி தன்னை நவாப் என்று அறிவித்துக்கொண்டு ஆற்காட்டுக்குப் போய் உட்கார்ந்தார். சில வாரம்தான். படைக்குச் சம்பள பாக்கி, முணுமுணுப்பு, மிரட்டல். ஒரு ராத்திரி பெண் வேடம் போட்டுக்கொண்டு, மூடுபல்லக்கில் ஏறி, கூடவே சில பணிப்பெண்களையும் நடக்கவிட்டு, வேலூருக்கு நழுவினார். வழியில் யாரும் திரையை விலக்கிப் பார்க்கவில்லை. கோஷா மரியாதை! கர்நாடகச் சீமையின் நவாப் 25 கிலோமீட்டர் தூரம் மூச்சுக் காட்டாமல் வந்த ஒரே பயணம் அது. இந்த மூடுபல்லக்கை மறந்துவிடாதீர்கள், இன்னொன்று வருகிறது.

செத்துப்போன சப்தர் அலியின் சின்னப் பையனை நவாப் ஆக்கினார்கள். இந்த நேரத்தில்தான் நிஜாம் வந்து பதினெட்டு எண்ணினார். பையன் பெரியவனாகும் வரை க்வாஜா அப்துல்லா பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அப்துல்லா நிஜாமோடு கோல்கொண்டா போனார், முறைப்படி விடைபெற்றார், ஆற்காட்டுக்குக் கிளம்பவேண்டிய காலையில் படுக்கையில் பிணமாகக் கிடந்தார். லாக்கில் இதைவிடத் தெளிவான வரி கிடையாது: ஃபெயிலோவர் ஹோஸ்ட் அன்அவைலபிள்.

அவர் இடத்துக்கு வந்தவர் அன்வருதீன். அப்துல்லா சாவில் யாருக்கு லாபம் என்று ஊர் பேசியது. ஊர் பேசத்தான் செய்யும். சில மாதத்தில் அந்தச் சின்னப் பையனும் ஆற்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் சம்பள பாக்கிக்காரப் பட்டாணிச் சிப்பாய்களிடம் குத்துப்பட்டு இறந்தான். இங்கே எனக்குக் கிண்டல் வரவில்லை. சீட்டாட்டம் ஆடியவர்கள் பெரியவர்கள், வெட்டுப்பட்டது குழந்தை. அன்வருதீன் முழு நவாப் ஆனார்.

இவர் 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் யானை மேலிருந்தபடியே குண்டடிபட்டு இறந்தபோது வயது 107 என்கிறார் ஓர்ம். நூற்றியேழு! வேறு கணக்குப்படி எழுபத்தேழு. முப்பது வருஷம் கூடுதலாகப் போட்டால் வீரத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எதிரில் நின்றவர் யார் தெரியுமா? சதாராவிலிருந்து விடுதலையாகி வந்த சந்தா சாகிப், இப்போது பிரெஞ்சுக்காரர் சப்போர்ட்டோடு. அழித்துவிட்டோம் என்று நினைத்த ஃபைல் ரீசைக்கிள் பின்னிலிருந்து எழுந்து வந்தது.

ஆம்பூரில் அன்வருதீனின் மூத்த மகன் மாபுஸ் கான் வாளோடு நின்றார், சிறைபட்டார். இளைய மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். நியாயப்படி யார் நவாப் ஆக வேண்டும்? ஓடினவர்தான் ஆனார். ஓடினவர்தானே அவைலபிள்? அப்படிக் கிடைத்த மனிதர் 1795 வரை நவாப்பாக இருந்து, சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி, கம்பெனிக்காரர்களிடம் வாங்கிய கடனால் லண்டன் பார்லிமென்ட் வரை நாறடித்தார். ஃபெயிலோவர் இலவசம்தான், மாதச் சந்தாதான் ஆளைத் தின்றது.

மேலிடத்தில் ஒரு புகார் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மேலிடமும் டவுன். நிஜாம் 1748இல் போய்விட்டார். மகன் நாசிர் ஜங் 1750இல் கொலை. பேரன் முசாபர் ஜங் சில வாரத்தில் 1751இல் கொலை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை இத்தனையையும் ராகு காலம், சகுனம், பிரெஞ்சு கவர்னர் துப்ளே துரை முகம் சுளித்தது எல்லாம் சேர்த்து டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். அன்றைய தென்னிந்தியாவில் ஒழுங்காக ஓடிய ஒரே ரெக்கார்டு சிஸ்டம் அவர்தான்.

இப்போது ஆரணி. ஆற்காட்டுக்குத் தெற்கே 30 கிலோமீட்டர் சொச்சம், கமண்டல நாகநதிக் கரை. பட்டுச் சேலை என்றால் காஞ்சிபுரம் பெயரை எடுத்துக்கொள்ளும், வேலையை ஆரணி செய்யும். தறி மேலே தொங்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். ஓட்டை இருந்தால் ஊசி போகும், இல்லாவிட்டால் நிற்கும். கம்ப்யூட்டருக்குப் பாட்டன் அதுதான். பெயர் 1804இல் லியோன் நகரத்து ஜக்காருக்குப் போயிற்று. ஆனால் அவருக்கு எண்பது வருஷம் முன்பே பூஷோன், பிறகு ஃபால்கோன், வோகான்சோன் என்று ஒரு வரிசையே அதைச் செய்து பார்த்திருந்தது. அங்கேயும் பதினெட்டு நவாப்.

இந்த ஊரில் இரண்டு போர் நடந்திருக்கிறது. இரண்டாவதை முதலில் சொல்கிறேன். வரிசைப்படி சொல்ல இது பரீட்சைத் தாள் இல்லை.

1782 ஜூன் 2. மைசூர் ஹைதர் அலியின் தானியமும் தளவாடமும் ஆரணிக் கோட்டைக்குள் இருக்கின்றன. அதைப் பிடித்தால் ஹைதர் பட்டினி என்று கணக்குப் போட்டு வருகிறார் கம்பெனி ஜெனரல் அயர் கூட். நோயாளி மனிதர். ஹைதர் வேகமாகத் திரும்பி வந்து பின்பக்கம் பீரங்கி முழக்கினார். கூட் கோட்டையை விட்டு அவர் பக்கம் திரும்பினார். அந்த இடைவெளியில் ஹைதரின் மகன் திப்பு கோட்டைக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கவனித்துவிட்டார். நாள் முழுக்கப் புகை, சத்தம், நடை. கூட் ஜெயித்ததாக இங்கிலீஷ்காரர்கள் எழுதினார்கள். சாப்பாடு இல்லாமல் சென்னைக்குத் திரும்பி நடந்ததும் அதே வெற்றி வீரர்கள்தான்.

ஆறே மாதம். டிசம்பர் 7. சித்தூர்ப் பக்கத்தில் பாளையம் இறங்கியிருந்தபோது முதுகில் ராஜபிளவை கண்டு ஹைதர் இறந்தார். ராஜாவுக்கு வந்தால் கட்டிகூட ராஜபிளவைதான். ஃபெயிலோவர் ஹோஸ்ட் திப்பு எங்கே? மலபார்க் கரையில், பொன்னானிப் பக்கம், இங்கிலீஷ் படையோடு மல்லுக்கட்டிக்கொண்டு. நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை முழுசாக நிற்கிறது. நெட்வொர்க் இல்லை.

சர்வர் கூட்டத்தில் ஹார்ட்பீட் என்று ஒன்று உண்டு. "இருக்கேன், இருக்கேன்" என்று மெயின் நொடிக்கொருதரம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் பேக்கப் எழுந்துவிடும். ஹைதரின் பாளையத்தில் அந்தச் சத்தம் நின்றது தெரிந்தால் எழுந்து நிற்க எத்தனை நவாப்புகள் காத்திருந்தார்களோ! திவான் பூர்ணையாவும் கிருஷ்ணராவும் ஒரு முடிவு எடுத்தார்கள். ஹார்ட்பீட்டை நாமே அனுப்புவோம்.

உடலை வாசனைத் திரவியங்கள் நிரப்பிய பெட்டியில் வைத்து, கஜானாப் பெட்டி போகிற மாதிரி பாரா போட்டு கோலாருக்கு அனுப்பினார்கள். உத்தரவுகள் ஹைதர் பெயரிலேயே போயின. நடமாட்டத்தில் ஒரு குறை கிடையாது. படை நகர்ந்தபோது கூடாரத் திரைக்குள்ளிருந்து மூடுபல்லக்கு ஒன்று வழக்கமான பரிவாரத்தோடு வெளியே வந்து ஊர்வலமாகப் போயிற்று. முர்தசா அலியின் பல்லக்கில் நவாப் இருந்தார், இல்லை என்று காட்டினார்கள். ஹைதரின் பல்லக்கில் அவர் இல்லை, இருக்கிறார் என்று காட்டினார்கள். தூக்கினவர்களுக்குத்தான் எடை வித்தியாசம் தெரிந்திருக்கும். அவர்களை யார் கேட்டார்கள்?

பூர்ணையா செய்ததை ஆரணியில் எந்தத் தறிக்காரரும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். பழைய பாவு தீரப்போகிறது என்றால் அதை அறுத்து எறிந்துவிட்டுப் புதுசாக விழுதிலும் அச்சிலும் இழை கோப்பதில்லை. பழைய பாவின் நுனி தறியில் இருக்கும்போதே, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் இழை. குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்து பிணைத்துவிட்டு, மெதுவாக இழுத்தால் புதுப் பாவு பழைய வழியிலேயே அச்சுக்குள் வந்துவிடும். சேலை கட்டுகிறவளுக்கு எந்த இடத்தில் பாவு மாறியது என்று தெரியவே தெரியாது. பூர்ணையாவின் விரலிலும் சாம்பல் இருந்திருக்க வேண்டும்.

முடிச்சு அவிழப் பார்த்தது. ஹைதரின் உறவுக்காரர் முகமது அமீனும் பக்ஷி ஷம்சுதீனும் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார்கள். திப்புவின் தம்பி அப்துல் கரீமை உட்காரவைத்துவிட்டு நாம் ஆளலாம் என்பது திட்டம். அந்தத் தம்பிக்குப் புத்தி கொஞ்சம் மந்தம் என்று பேச்சு. அதுவே அவருடைய தகுதி. பூர்ணையா கூட்டத்தைப் பிடித்து விலங்கு மாட்டினார். எல்லா உத்தரவும் ஹைதர் பெயரில் ஓடிக்கொண்டிருந்த நேரம், ஆக இறந்த மனிதர் ஒரு சதியையும் அடக்கிவிட்டார். உயிரோடு இருக்கிற எத்தனை பேரால் முடிகிறது?

திப்பு வந்து சேர்ந்தபோது 1783 பிறந்துவிட்டது. படை கலையவில்லை. பூர்ணையா ஹைதருக்குப் பிறகு திப்புவுக்கு வேலை பார்த்தார், திப்புவுக்குப் பிறகு 1799இல் வெள்ளைக்காரர் உட்காரவைத்த உடையார் குழந்தைக்கும் திவானாக இருந்தார். கம்பெனி இரண்டு தடவை கைமாறியும் அட்மின் ஐடி மாறாத ஒரே கேஸ்.

திப்பு வந்து சேரும் வரை இங்கிலீஷ்காரர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நல்ல கேள்வி. கூட் உடம்பு முடியாமல் கல்கத்தா போய்விட்டார். அவருக்கு ஃபெயிலோவர் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். 1781இல் பொள்ளிலூர்ப் போரில் ஒரு காலை இழந்தவர். ஹைதர் இறந்த சேதி சென்னைக்குக் கசிந்தது. கவர்னர் மெக்கார்ட்னி "கிளம்புங்கள், கிளம்புங்கள்" என்றார். ஸ்டூவர்ட் சேதியையே நம்பவில்லை. இருந்தால் பார்ப்போம் என்கிற தோரணை. அவ்வளவு பெரிய எதிரியின் படை தலையில்லாமல் நின்ற நாட்களில், இவருக்குத் தலை இருந்தது, படை நகரவில்லை.

மெயினைத் திரும்ப ஆன் செய்வோம் என்று கூட்டைக் கல்கத்தாவிலிருந்து வரவழைத்தார்கள். வழியில் பிரெஞ்சுக் கப்பல்கள் துரத்தின. அந்தப் படபடப்பிலேயே பாதி உயிர் போயிற்று. 1783 ஏப்ரலில் சென்னையில் இறங்கினார், சில நாளில் கண்ணை மூடிவிட்டார். மெக்கார்ட்னிக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் சண்டை முற்றி, கவர்னர் ஜெனரலைக் கைது செய்து கப்பலேற்றினார். கதை அத்தோடு முடிந்ததா? 1786இல் லண்டனில் இரண்டு பேரும் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றார்கள். ஒற்றைக்கால் ஸ்டூவர்ட் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு சுட்டார். மெக்கார்ட்னி மேல் பட்டது. ஹைதர் செத்தபோது சுடாத துப்பாக்கி கடைசியில் சொந்த கவர்னரைச் சுட்டது.

இனி முதல் போர். 1751. சந்தா சாகிப் திருச்சியில் முகமது அலியை முற்றுகையிட்டிருக்கிறார். முழுப் படையும் அங்கே. தலைநகர் ஆற்காடு காலி. இதைப் பிடித்தால் என்ன என்று கிளம்பியவர் ராபர்ட் க்ளைவ், வயது இன்னும் 26 ஆகவில்லை. குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்து, கணக்குப் புத்தகத்தைப் பார்த்து நொந்துபோனவர். 200 வெள்ளைக்காரர், 300 சிப்பாய்கள். இடி மின்னலோடு மழையில் நடந்து வருகிறார்கள் என்ற சேதியைக் கேட்டே ஆற்காட்டுக் கோட்டைப் படை ஓடிவிட்டது. பாடப் புத்தகத்தில் இதற்கு 'க்ளைவின் துணிச்சல்' என்று பெயர். எதிரில் ஆளே இல்லாதபோது துணிச்சல் கொஞ்சம் சுலபமாகவே வரும்.

முற்றுகை அதற்கப்புறம் வந்தது. சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் ஐம்பது நாள் வளைத்துக் கிடந்தார், முடியவில்லை. க்ளைவ் அதில் நிஜமாகவே தாக்குப்பிடித்தார், மறைப்பானேன். ராஜா சாகிப்போடு அங்கே வந்து நின்றவர்களில் ஒருவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வேலூர் முர்தசா அலி! இந்தத் தடவை ஆண் உடையில்.

ஆற்காட்டை விட்டுத் தெற்கே விலகிய ராஜா சாகிப் புதுச்சேரியிலிருந்து வந்த 300 பிரெஞ்சுக்காரர்களோடு ஆரணிப் பக்கம் சேர்ந்தார். அப்பாவுக்கு அவர்தான் பேக்கப், அவருக்கு பிரெஞ்சுக்காரர் பேக்கப். டிசம்பர் 3ஆம் தேதி க்ளைவ் வழிமறித்தார். அவருடைய பேக்கப், மொராரி ராவ் அனுப்பிய 600 மராட்டியக் குதிரைகள். இந்த மொராரி ராவ் முகமது அலிக்கு உதவுவதாக ஒப்புக்கொண்டு, யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம் என்று மலையடிவாரத்தில் வெகுகாலம் உட்கார்ந்திருந்தவர். அவைலபிள்தான், ஆனால் முடிவு தெரிந்த பிறகு.

போர் நடந்த இடம் வயல்காடு. டிசம்பர் மாதத்து நெல்வயல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணுக்காலுக்கு மேல் சேறு. பீரங்கி வண்டி வயலில் இறங்கினால் அறுவடைக்குத்தான் வெளியே வரும். அதனால் பிரெஞ்சுக்காரர் வரப்பு மாதிரி உயர்ந்த ஒற்றைப் பாதையில் பீரங்கியை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். ஒற்றைப் பாதை! பக்கவாட்டில் மாற வழியில்லை. க்ளைவின் ஆட்கள் அங்கேயே வைத்து அடித்தார்கள். ஐரோப்பாவின் இரண்டு பெரிய வல்லரசுகள் மோதிய போரில் முக்கியத் தளபதி ஆரணிச் சேறு.

ராஜா சாகிப் படை உடைந்தது. மராட்டியர் துரத்தினார்கள். கடமை உணர்ச்சியில் அல்ல. எதிரியின் ராணுவக் கஜானா அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லட்சம் ரூபாய். பிடித்துவிட்டார்கள். மறுபக்கத்தில் பிரெஞ்சுக்காரரிடம் சேவகம் பார்த்த சிப்பாய்கள் துப்பாக்கியும் கையுமாக க்ளைவிடம் வந்து வேலை கேட்டார்கள். நல்ல ஆயுதம் வைத்திருந்த 600 பேரைச் சேர்த்துக்கொண்டார். நம்பர் அதே, நெட்வொர்க் மட்டும் வேறு.

ராஜா சாகிப்பின் சாமான்களில் ஒரு பகுதி ஆரணிக் கோட்டைக்குள் இருப்பதாகச் சேதி வந்தது. க்ளைவ் கோட்டைக் கில்லேதாருக்குச் சொல்லி அனுப்பினார்: சாமானைக் கொடு, கோட்டையையும் கொடு.

இந்த ஊரின் பூர்வகதையை ஒரு வரி சொல்ல வேண்டும். 1640 வாக்கில், சிவாஜியின் அப்பா ஷாஜி போன்ஸ்லே காலத்தில், வேதாஜி பாஸ்கர் பந்த் என்கிற மராட்டியருக்கு ஜாகீராகக் கிடைத்த இடம் ஆரணி. அதற்கப்புறம் பிஜப்பூர் சுல்தான் ஆட்டம் முடிந்தது, செஞ்சி மராட்டியர் ஆட்டம் முடிந்தது, மொகலாயர் வந்தார்கள், நவாப்புகள் வந்தார்கள், நவாப்புகளை நவாப்புகள் கொன்றார்கள். கோட்டை வாசலில் நின்று "நான்தான் மெயின்" என்று சொன்னவர்கள் அத்தனை பேரையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. இன்று வந்திருப்பவர் சிவந்த முகத்துக் குமாஸ்தா, அவ்வளவுதான் வித்தியாசம்.

கில்லேதார் பேச்சுவார்த்தையை இழுத்தார். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு யானையை அனுப்பினார். பதினைந்து குதிரைகள் அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சாமான் அனுப்பினார், எல்லாம் ராஜா சாகிப்புடையது, இவர் கைக்காசு ஒன்றும் போகவில்லை. முகமது அலிதான் எங்கள் நவாப் என்று விசுவாசப் பிரமாணமும் செய்கிறேன் என்றார். நேற்று வரை சந்தா சாகிப் பெயரில் ஓடிய கனெக்‌ஷன் ஒரே சத்தியத்தில் மாறிவிட்டது. ஒரு நிமிடம்கூட டவுன்டைம் இல்லை.

கோட்டை? அதை மட்டும் தர முடியாது என்று சொல்லிவிட்டார். மதிலை உடைக்கிற பீரங்கி க்ளைவிடம் இல்லை என்பது மதில் மேலிருந்து பார்த்தவருக்குத் தெரியாதா என்ன? க்ளைவ் கொடுத்ததை வாங்கிக்கொண்டு காஞ்சிபுரம் பக்கம் நடையைக் கட்டினார்.